பலகை மட்டும் பழைய வீட்டில்: ட்விட்டரை விட்டுக் கிளம்பி மூன்று வருடத்துக்குப் பிறகு

2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்தார். அடுத்த சில நாட்களில் என் டைம்லைனில் பாதிப் பேரின் பெயருக்குப் பக்கத்தில், ட்விட்டருக்கு மாற்றான மாஸ்டடான் என்ற தளத்தின் நீளமான முகவரி ஒன்று முளைத்தது. ஊரே கிளம்புகிறதே என்று நானும் மூட்டையைக் கட்டினேன். முகவரியை எழுதி ஒரு கடைசி ட்வீட் போட்டு, அது எப்போதும் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்துவிட்டு வந்தேன்.

மாஸ்டடானில் முதல் கேள்வியே திணறடித்தது: எந்த சர்வரில் சேர வேண்டும்? 2016-இல் ஆய்கன் ராச்கோ தொடங்கிய இந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவி நடத்தலாம். எந்த சர்வரில் இருந்தாலும் மற்ற சர்வர்க்காரர்களோடு பேசலாம். அப்படியானால் எதில் சேர்ந்தால் என்ன என்று, பெயர் அழகாக இருந்த ஒரு சின்ன சர்வரைத் தேர்ந்தெடுத்தேன். அதை ஒரே ஒருவர் சொந்தச் செலவில் நடத்துகிறார் என்பதைக் கவனிக்கவில்லை.

முதல் மாதம் வெறிச்சோடிக் கிடந்தது. யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்களின் பதிவு மட்டும்தான் நேர வரிசையில் வரும். சும்மா திறந்து வைத்தால் எதுவும் வந்து கொட்டாது. தேடுவதும் அன்று ஹேஷ்டேக் வழியாகத்தான். 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பில்தான் எழுத்துத் தேடல் ஒழுங்காக வந்தது, அதுவும் அனுமதித்தவர்களின் பதிவுகளுக்கு மட்டும். பார்வையற்றவர்களுக்காகப் படத்துக்கு விளக்கம் எழுதாததற்காக முன்பின் தெரியாத ஒருவர் கண்டித்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது விளக்கம் இல்லாமல் படம் போட எனக்கே கை வருவதில்லை.

அப்புறம் ஒரு நாள் சர்வரை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. நான் பார்த்தபோது நான்கு நாள்தான் பாக்கி. தவறு என்னுடையது, வாரக்கணக்கில் உள்ளே போகாமல் இருந்திருக்கிறேன். வேறு சர்வரில் கணக்குத் திறந்து மாற்றல் பொத்தானை அழுத்தியதும் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் தானாக வந்து சேர்ந்தார்கள். நான் யாரையெல்லாம் பின்தொடர்கிறேன் என்ற பட்டியலையும் கோப்பாக எடுத்துக்கொண்டு வர முடிந்தது. பதிவுகள் வரவில்லை. மாஸ்டடான் மாற்றலில் பதிவுகள் நகராது என்பது அன்றுதான் தெரிந்தது. ஆவணக் கோப்பாக இறக்கி வைத்திருக்கிறேன். அதில் நான் சொன்ன பதில்கள் இருக்கின்றன, எதற்குச் சொன்னேன் என்பது இல்லை. ஒருபக்கம் மட்டும் கேட்கும் தொலைபேசிப் பேச்சு மாதிரி இருக்கிறது.

இதற்கிடையே ஒவ்வொரு கொள்கை மாற்றத்துக்கும் ஒரு அலை வந்தது. 2022 டிசம்பரில் மாஸ்டடான் போன்ற தளங்களுக்கு ஆள் சேர்க்கும் இணைப்புகளுக்கு ட்விட்டர் தடை போட்டு, எதிர்ப்பு வந்ததும் உடனே பின்வாங்கியது. 2023 ஜனவரியில், ட்விட்டரைப் படிக்க வெளியார் உருவாக்கிய செயலிகளை வெட்டியது. ஜூலையில், சரிபார்க்கப்படாத கணக்குகள் ஒரு நாளைக்கு 600 பதிவுதான் பார்க்கலாம் என்று முதலில் வரம்பு வைத்தது. ஒவ்வொரு முறையும் புதுமுகங்கள் வந்து வணக்கம் சொல்லி, இரண்டு வாரத்தில் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. கோபத்தில் கிளம்புகிறவர் தனியாகத்தான் கிளம்புகிறார். அவர் பேசிக்கொண்டிருந்த நாற்பது பேரும் அதே நாளில் கிளம்புவதில்லை.

அந்த நாற்பது பேர் சிக்கலை ஓரளவு தீர்த்தது புளூஸ்கை என்ற இன்னொரு தளம். 2024 பிப்ரவரியில்தான் அழைப்பில்லாமல் சேர வழி திறந்தது. அந்த நவம்பரில், எக்ஸ் என்று பெயர் மாறிவிட்ட ட்விட்டரில் நாம் தடுத்து வைத்தவர்களும் நம் பொதுப் பதிவுகளைப் பார்க்கலாம் என்று ஆனது. பதிவுகளை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தும் விதிமுறையும் நடப்புக்கு வந்தது. அமெரிக்கத் தேர்தலும் முடிந்திருந்த நேரம். புளூஸ்கை 2 கோடிக் கணக்குகளைத் தாண்டியது. அங்கே யாராவது ஒருவர் தொகுத்த ‘ஸ்டார்ட்டர் பேக்’ ஒன்றை அழுத்தினால் ஒரு கூட்டத்தையே மொத்தமாகப் பின்தொடரலாம். ஒரு மாலையில் பழைய முகங்களில் பாதி கிடைத்துவிட்டது.

யாரும் பேசாத ஒரு சின்ன லாபமும் உண்டு. ‘தமிழ்’ என்று எழுதினால் எக்ஸ் அதை ஐந்து எழுத்தாக எண்ணும். ‘மி’யின் மேல்விலங்கும் ‘ழ்’இன் புள்ளியும் தனிக்கணக்கு. புளூஸ்கையிலும் மாஸ்டடானிலும் அது மூன்றுதான். தமிழில் எழுதுகிறவருக்கு எக்ஸின் 280 எழுத்து வரம்புக்கும் புளூஸ்கையின் 300-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் இருபது இல்லை.

இப்போது நீளமாகப் பேச மாஸ்டடான், வம்பு பேச புளூஸ்கை. எக்ஸ் கணக்கை மூடவில்லை. அங்கேயே தங்கிவிட்ட இரண்டு பேரைப் படிக்க வாரம் ஒருமுறை போகிறேன். போன வாரம்தான் கவனித்தேன், ‘இனி என்னை இங்கே பாருங்கள்’ என்று நான் பின் செய்த ட்வீட் அப்படியே இருக்கிறது. அதில் இருப்பது மூடிப்போன அந்தச் சின்ன சர்வரின் முகவரி.