ஹோல்பர்னில் வெள்ளி மாலை: வெதர்ஸ்பூனா, சாமுவேல் ஸ்மித்தா?

மத்திய லண்டனில் கை கடிக்காமல் உட்கார்ந்து பேச ஒரு பப் வேண்டும் என்றால் இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். ஒன்று வெதர்ஸ்பூன், இன்னொன்று சாமுவேல் ஸ்மித். இரண்டுமே பல கிளைகள் கொண்ட பப் நிறுவனங்கள். எங்கள் அலுவலக நண்பர்கள் வெள்ளிக்கிழமை எங்கே கூடுவது என்று தேடியபோது, ஹோல்பர்ன் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இரண்டுமே இருந்தன: கிங்ஸ்வேயில் வெதர்ஸ்பூனின் ஷேக்ஸ்பியர்ஸ் ஹெட், ஹை ஹோல்பர்னில் சாமுவேல் ஸ்மித்தின் பிரின்சஸ் லூயிஸ். இரண்டுக்கும் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வெதர்ஸ்பூனில் நிலைத்துவிட்டோம்.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பப்களை விட இரண்டுமே மலிவு. வெதர்ஸ்பூனில் கிளைக்குக் கிளை விலை மாறும், விமான நிலையக் கிளைகளில் கூடுதல், அவ்வளவுதான். இசை இரண்டிலும் கிடையாது, அதனால் கத்தாமல் பேசலாம். வெதர்ஸ்பூனின் லாயிட்ஸ் என்ற பெயர் தாங்கிய கிளைகள் மட்டும் விதிவிலக்கு.

அழகு என்று பார்த்தால் போட்டியே இல்லை. பிரின்சஸ் லூயிஸ் 1872இல் தொடங்கியது, உள் அலங்காரம் 1891இல் செய்தது. பூவேலைப்பாடு செதுக்கிய கண்ணாடி, வண்ண ஓடுகள், கவுன்டரைச் சுற்றி மரத் தடுப்புகளால் பிரித்த சின்னச் சின்ன அறைகள் என்று ஒவ்வொன்றையும் நின்று பார்க்கத் தோன்றும். ஆண்கள் கழிவறையின் பளிங்குகூடப் பேர்போனது. லண்டனுக்கு வரும் உறவினர்களை நான் அழைத்துப்போவது அங்கேதான். ஷேக்ஸ்பியர்ஸ் ஹெட் ஒரு பெரிய கூடம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வெதர்ஸ்பூனில் கட்டடம் பார்க்க ஆசைப்படுபவர்கள் கிரேஸ்சர்ச் தெருவில் உள்ள கிராஸ் கீஸுக்குப் போக வேண்டும். முன்பு அது ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் கட்டடம்.

சரி, பிறகு ஏன் வெதர்ஸ்பூன்? உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆர்டர் செய்யலாம் என்பதற்காக.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு எந்தப் பப்பிலும் கவுன்டரில் மூன்று வரிசை ஆட்கள் நிற்பார்கள். வரிசை என்று சொன்னாலும் அது கண்ணுக்குத் தெரியாத வரிசை. யாருக்குப் பிறகு யார் என்பதைக் கவுன்டர்க்காரரும் நிற்பவர்களும் மனதில் வைத்துக்கொள்வார்கள். கையை ஆட்டிக் கூப்பிடுவது மரியாதைக்குறைவு. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு இதெல்லாம் பிடிபடவே சில மாதங்கள் ஆகும். வெதர்ஸ்பூனில் மேசையிலேயே எண் ஒட்டியிருக்கும். கைபேசியில் வெதர்ஸ்பூன் செயலியைத் திறந்து கிளையைத் தேர்ந்தெடுத்து, மேசை எண்ணைப் போட்டு, கார்டில் பணம் கட்டிவிட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். பிடித்த இடத்தை விட்டு யாரும் எழ வேண்டாம். கிளைப் பெயரை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். இளமையாகத் தெரிந்தால் மேசைக்கே வந்து வயதுச் சான்று கேட்பார்கள்.

இதைவிட எனக்கு முக்கியம் ரவுண்டு சமாச்சாரம். இங்கே ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கித்தருவது வழக்கம். ஆறு பேர் போனால் ஆறு ரவுண்டு, தன் முறை வரும் முன் கிளம்புவது அழகில்லை. எங்களில் ஒருவர் குடிப்பதே இல்லை, இன்னொருவர் ஒரு பைண்டோடு, அதாவது ஒரு பெரிய கிளாஸ் பியரோடு, ரயில் பிடிப்பவர், மூன்றாமவருக்கு மாதக் கடைசியில் கை இறுக்கம். ரவுண்டு முறையில் இவர்கள் மூவருக்கும் சங்கடம்தான். குடிக்காதவரிடம் “ஒண்ணே ஒண்ணு” என்று யாராவது வற்புறுத்துவார்கள். செயலி வந்த பிறகு அவரவர் அவரவருக்கு வாங்கிக்கொள்கிறோம். குடிக்காத நண்பர் காபிக்கு ஒரு முறை பணம் கட்டிவிட்டு, போதும் என்கிறவரை இலவசமாக நிரப்பிக்கொள்கிறார். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அவர்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து மேசை பிடிக்கிறார்.

சாமுவேல் ஸ்மித் நேர் எதிர்த் திசை. கவுன்டருக்குப் போய்த்தான் வாங்க வேண்டும், உள்ளே கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று 2019இல் தடையே போட்டார்கள். முகம் பார்த்துப் பேச வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். இரண்டு பேர் மட்டும் போகும்போது அது நன்றாகவும் இருக்கிறது. ஆறு பேருக்கு ஒத்துவரவில்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு விஷயம். பீப்பாயிலிருந்து வரும் ஏல் எனும் பியர் வகைகளைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது இங்கே பழைய பழக்கம். 1758இலிருந்து யார்க்‌ஷயரின் டாட்காஸ்டரில் இயங்கும் பியர் ஆலையான சாமுவேல் ஸ்மித், தன் பப்களில் சொந்தச் சரக்கை மட்டுமே விற்கிறது. ஓல்டு ப்ரூவரி பிட்டர் போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்ற பியர்களில் விலங்குப் பொருள் சேர்ப்பதில்லை. வெதர்ஸ்பூன் பல ஆலைகளிலிருந்து வாங்குவதால் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உணவில் அந்தச் சிக்கல் இல்லை, சைவம் எது என்று மெனுவிலேயே குறித்திருக்கும்.

சமையலை ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு நான் சாமுவேல் ஸ்மித்தில் சாப்பிட்டதில்லை. ஏல் ருசியிலும் என் நாக்கை நம்பாதீர்கள், நான் லாகர் எனும் வேறு வகைப் பியரின் ஆள்.

ஷேக்ஸ்பியர்ஸ் ஹெட்டில் வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு ஆறு பேருக்கு மேசை கிடைப்பது கஷ்டம்.