சிரட்டைக் கரிக்குத் துளை போட: பொட்டாஷா, பாஸ்பாரிக்கா?

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வருஷமாகச் சிரட்டை சுடுகிறேன். "நாங்க அடுப்புல போடுத சாதனத்துக்கு உனக்கு உதவித்தொகையா?" என்பாள் அம்மா. சாயக் கழிவுநீரிலிருந்து மெத்திலீன் நீலத்தைப் பிடிக்கும் கரி செய்வதுதான் வேலை. சாயம் ஒட்டிக்கொள்ளக் கரிக்குள் நுண்ணிய துளைகள் வேண்டும். அதற்குச் சிரட்டையோடு சேர்த்துச் சுடும் ரசாயனங்களில் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு), பாஸ்பாரிக் அமிலம் இரண்டையும் போட்டுப் பார்த்து, இப்போது அமிலத்தோடு நிற்கிறேன்.

மூலப்பொருளில் எனக்குக் குழப்பமில்லை. சிரட்டையும் பனங்கொட்டையும் ஒரே அரிகேசி குடும்பம், ரப்பர் கொட்டை யூபோர்பியேசி. ஆனால் கரிக்குக் குலம் கோத்திரம் தெரியாது. லிக்னின் (மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள்) எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

துளைச் சுவர்களையும் சேர்த்த மொத்தப் பரப்பளவில் பொட்டாஷ்தான் ராஜா. கிராமுக்கு 2000 சதுர மீட்டரைத் தாண்டும். ஆனால் 700–800 டிகிரி வேண்டும், நைட்ரஜன் சிலிண்டரும் வேண்டும். பாஸ்பாரிக்குக்கு 400–500 டிகிரி போதும். துளைகளும் கொஞ்சம் அகலம். 2 நானோமீட்டருக்குக் கீழே நுண்துளை, 2 முதல் 50 வரை இடைத்துளை. மெத்திலீன் நீலம் சற்றுத் தடித்த மூலக்கூறு, அதற்கு அகலம் இருந்தால் நல்லது.

என்னைத் திருப்பியது இதெல்லாம் இல்லை, கழுவல். பொட்டாஷ் கரியில் கார்பனேட் அப்பிக்கொண்டு வரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் புசுபுசுவென்று நுரைக்கும். பிறகு வாலைவடிநீர். வடிதாள் அடைத்துக்கொள்ளும், சொட்டுச் சொட்டாக இறங்கும், காரம் போகவில்லை என்று பி.எச். தாள் நீலம் காட்டிக்கொண்டே இருக்கும். ஐந்து கிராம் கரிக்கு ஒரு தடவை பதினொரு லிட்டர் பிடித்தது. அன்று பக்கத்து மேசைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. பாஸ்பாரிக்கும் ஒரேயடியாகப் போய்விடாது, கொஞ்சம் பாஸ்பேட் கரியோடு ஒட்டியே இருக்கும். ஆனாலும் வெந்நீரில் நாலைந்து அலசலில் தாள் நடுநிலைக்கு வந்துவிடுகிறது. முதல் அலசல் நீரைச் சுண்டவைத்து, அதில் இறங்கிய அமிலத்தை அடுத்த தொகுதிக்கு ஊற்றுகிறேன். பொட்டாஷில் அந்த வரும்படி இல்லை.

மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்குக் கரி செய்கிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அங்கே பரப்பளவுதான் பேசும், நான் மின்முனை பூசியதே இல்லை.

பொட்டாஷ்தான் என்றால் உலைக்குள் வைக்க நிக்கல் மூசை (சுடும் கிண்ணம்) வாங்குங்கள், அலுமினா மூசையைப் பொட்டாஷ் அரித்துவிடும். உலை ஆறியதும் அவசரப்பட்டுத் தண்ணீர் விடாதீர்கள். உள்ளே பொட்டாசிய உலோகம் மிஞ்சியிருந்தால் தீப்பிடிக்கும்.