நட்பு, பின்தொடர்தல், பரிந்துரை: சமூக ஊடகங்களின் மூன்று வழிகள்

சமூக ஊடகத் தளங்களை ஒப்பிடும்போது பயனர் எண்ணிக்கையையும் வசதிகளையும் அடுக்கிக் காட்டுவதே வழக்கம். ஆனால் இன்று ஒரு தளத்தில் வரும் வசதி நாளை எல்லாத் தளங்களிலும் வந்துவிடுவதால், அந்தக் கணக்கு நெடுநாள் நிற்பதில்லை. செயலியைத் திறந்ததும் கண்ணில் படும் பதிவைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால், 1997-இல் தொடங்கிய சிக்ஸ்டிகிரீஸ் முதல் இன்றைய டிக்டாக் வரை மூன்று வழிகளே போட்டியில் இருந்திருக்கின்றன.

முதலாவது நட்பு. 2002-இல் ஃபிரெண்ட்ஸ்டர், 2003-இல் மைஸ்பேஸ், 2004-இல் ஆர்குட், ஃபேஸ்புக் என வரிசையாக வந்த தளங்களில், இருவரும் ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு உண்டாகும். தொடக்கத்தில் நண்பர் என்ன எழுதியிருக்கிறார் என்று அறிய அவருடைய பக்கத்துக்கே போக வேண்டியிருந்தது. மைஸ்பேஸில் பக்கத்தின் நிறம், பின்னணி, தானாக ஒலிக்கும் பாட்டு என எதையும் மாற்றிக்கொள்ளலாம். ‘டாப் எயிட்’ என்று எட்டு நண்பர்களை வரிசைப்படுத்தி ஊரறியக் காட்டலாம் (அந்த வரிசையில் இடம் இறங்கியவர்களின் மனத்தாங்கலைச் சொல்லவே வேண்டாம்). 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் கொண்டுவந்த நியூஸ் ஃபீட் இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கியது. நண்பர்களின் பக்கங்களில் நிகழும் மாற்றங்கள் எல்லாம் முகப்பிலேயே வந்து குவிந்தன. பயனர்கள் பெருந்திரளாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மார்க் சக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டு, தனியுரிமைக் கட்டுப்பாடுகளைச் சேர்த்தாரே தவிர ஃபீடை நீக்கவில்லை. இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் இதுதான் என்பேன். 2009-இல் வந்த லைக் பொத்தான்கூட இதற்கு அடுத்தபடிதான். 2005-இல் நியூஸ் கார்ப் நிறுவனம் 58 கோடி டாலருக்கு வாங்கிய மைஸ்பேஸ், 2011-இல் ஏறத்தாழ 3.5 கோடி டாலருக்குக் கைமாறியது.

நட்பு வழியின் குறை அதன் நெருக்கத்திலேயே இருக்கிறது. உறவினரும் மேலதிகாரியும் பள்ளித் தோழரும் ஒரே பட்டியலில் அமர்ந்திருக்கையில் யாரும் மனம்விட்டு எழுதுவதில்லை.

இரண்டாவது வழியான பின்தொடர்தலில் ஒப்புதல் தேவையில்லை. 2006-இல் தொடங்கிய ட்விட்டரில் பதிவுக்கு 140 எழுத்துகள் என்ற வரம்பு, 160 எழுத்துகள் கொண்ட குறுஞ்செய்தியில் பயனரின் பெயருக்கும் இடம் விட வேண்டியிருந்ததால் வந்தது. ஹேஷ்டேக்கும் ரீட்வீட்டும் பயனர்கள் கண்டுபிடித்த வழக்கங்கள். நிறுவனம் பிறகுதான் அவற்றை ஏற்றுக்கொண்டது. செய்தி பரவும் வேகத்தில் நட்பு வழியால் இதை நெருங்க முடியவில்லை. எனினும் பின்தொடர்வோர் இல்லாத புதியவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் கேட்பாரில்லை என்பது இதன் தீராத பலவீனம். 2010-இல் வந்த இன்ஸ்டாகிராம் இதே வழியைப் படங்களுக்குக் கொண்டுசென்றது.

அந்தப் பலவீனத்தைத்தான் மூன்றாவது வழி பிடித்துக்கொண்டது. பயனரின் ரசனையைக் கணித்துத் தளமே பதிவைத் தேர்ந்து தரும் பரிந்துரை யூடியூபில் முன்பே இருந்தாலும், அதையே முழு முகப்பாக்கி உலகளவில் வென்றது, 2018 ஆகஸ்டில் மியூசிக்கலி என்ற குறுவீடியோ செயலி இணைக்கப்பட்ட டிக்டாக். ஒரு வீடியோவை எத்தனை நொடி பார்த்தோம், மறுபடி பார்த்தோமா, உடனே தள்ளிவிட்டோமா என்பதே அதற்குப் போதுமான குறிப்பு. பெயரறியாத ஒருவரின் வீடியோ ஒரே நாளில் லட்சக்கணக்கானோரை எட்டலாம். அவருடைய அடுத்த வீடியோ அவரைப் பின்தொடர்பவர்களையே எட்டாமலும் போகலாம். 2020-இல் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் என்ற குறுவீடியோ வசதி வந்த பிறகு நட்பு வழியில் வளர்ந்த ஃபேஸ்புக்கும் மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

இதற்கு மாற்றாக நிற்பவை இரண்டு. 2016-இல் தோன்றிய மாஸ்டடான், வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் இணைந்த தளம்; பதிவுகளைக் கால வரிசையிலேயே காட்டுகிறது. சர்வர் மாறினாலும் பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகள் மட்டும் வருவதில்லை. ட்விட்டரைப் போன்ற தளமான புளூஸ்கை, பிறர் உருவாக்கிய ஃபீடுகளில் பிடித்ததைத் தேர்ந்துகொள்ள விடுகிறது. செய்திக்காகவும் துறை சார்ந்த உரையாடலுக்காகவும் வருபவருக்கு இவ்விரண்டையே நான் பரிந்துரைப்பேன். பொழுதுபோக்குக்கு டிக்டாக்கின் வழியை மிஞ்ச இன்னும் ஆளில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பயனரின் நடத்தையைக் கணிக்காத ஒரு ஃபீடையாவது மிகப் பெரிய தளங்கள் தர வேண்டும் என்கிறது. சட்டத்தின் துணையின்றி இந்த உரிமை தானாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை: 2022-இல் இன்ஸ்டாகிராம் கால வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தபோதும், அதை நிலையான முகப்பாக வைத்துக்கொள்ள இடம் தரவில்லை.