ஏற்காட்டில் ஒரு நாள் யோசனைப் பட்டறை: மதியத்துக்கு மேல்தான் விஷயமே இருக்கிறது

ஆத்தூர் பக்கம் எங்களுக்குச் சேகோ ஆலை, அதாவது மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் ஆலை, இருக்கிறது. ஆலை ஆட்களை ஏற்காட்டில் ஒரு நாள் உட்கார வைத்து, புது யோசனைகளை எடுத்து, அதைப் பிரித்தும் கொடுக்கிறோம் என்று ஒரு சின்னக் குழு சொன்னதால் போய்வந்தோம். இரண்டே பேர்தான் நடத்துகிறார்கள், ஒருவர் பேசுவார், இன்னொருவர் சீட்டுகளைப் பார்த்துக்கொள்வார். கட்டணம் கிட்டத்தட்ட அரை லோடு கிழங்கு விலை. கொடுத்தது தகும் என்றுதான் சொல்வேன், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வேலைக்காக.

இதற்கு முன்னால் வேறு ஒருவர் நடத்தியதற்கும் போயிருக்கிறோம், பெயர் வேண்டாம். போர்டு நிறைய எழுதினார்கள், கை தட்டினார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள், அப்புறம் போர்டைத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அங்கே முதலில் பேச வைத்தது எங்கள் அப்பாவை. முதலாளியே "சோலார் டிரையர் போடலாமா" என்று ஆரம்பித்த பிறகு மற்றவர்கள் என்ன சொல்வார்கள், மாலை வரை சோலார்தான்.

இங்கே காலையில் யாரையும் பேசவே விடவில்லை. ஆளுக்கு ஒரு தாள், அதில் மூன்று யோசனை, ஐந்து நிமிடம், பிறகு தாள் பக்கத்து ஆளுக்குப் போகும், அவர் அதைப் படித்துவிட்டு அதன் கீழே மூன்று எழுதுவார். 1968-ல் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்ன முறையாம். ஆறு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் 108 யோசனை வரை வரும். வட்டமாக உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்லும் பழைய வழியைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். ஆனால் 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்ததில், கூட்டமாகப் பேசியவர்களைவிட அதே எண்ணிக்கையில் தனித்தனியாக யோசித்தவர்களிடம்தான் அதிகம் வந்ததாம். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருப்பதற்குள் நினைத்தது மறந்துபோகும். எங்கள் ஆலையில் அதோடு கூச்சமும் சேரும்.

எழுத வராதவர்களை எப்படிச் சமாளிப்பார்கள் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது. சீட்டுக்காரர் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, சொன்னதைச் சொன்ன வாக்கிலேயே எழுதிக்கொடுத்தார். களத்தில் காயப்போடும் அக்கா ஒருவர் சொன்னது அப்படியே சீட்டில் ஏறியது: "மழை வர்றப்போ தார்ப்பாய்க்கு குடோனுக்கு ஓடணுங்க, வர்றதுக்குள்ள பாதி நனைஞ்சிடுது."

மதியம் எல்லாத் தாள்களையும் கத்தரித்து, யோசனைக்கு ஒரு சீட்டாக நீளமான மேசையில் பரப்பினார்கள். எல்லோரும் சுற்றி நின்று, ஒன்றுக்கொன்று சேர்கிற சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்த வேண்டும், வாயே திறக்கக் கூடாது. ஜப்பானில் கவகிடா ஜிரோ என்ற மானுடவியல் பேராசிரியர், கள ஆய்வில் சேர்ந்த குறிப்புகளை ஒழுங்கு செய்ய உருவாக்கிய வழி இது. ஒரு சீட்டை இருவர் மாறி மாறி இரண்டு இடத்துக்கு இழுத்தால் சண்டை வேண்டாம், இன்னொரு பிரதி எழுதி இரண்டிலும் வைத்துவிடலாம். எதோடும் சேராத சீட்டை எங்காவது திணிக்கவும் கூடாது, தனியாகவே கிடக்கட்டும். குவியலுக்குத் தலைப்பு கடைசியில்தான், அதுவும் உள்ளே இருக்கும் சீட்டுகளைச் சத்தமாகப் படித்த பிறகு.

எனக்குக் கண் திறந்தது அங்கேதான். கூரை போட வேண்டும், சோலார் டிரையர் வாங்க வேண்டும், வானிலைச் செய்தியைக் காலையிலேயே களத்துக்குச் சொல்ல வேண்டும், மேகம் கட்டினால் பாதிக் களம் மட்டும் பரப்ப வேண்டும், அப்புறம் அந்த அக்காவின் தார்ப்பாய், இத்தனையும் வேறு வேறு ஆட்கள் எழுதியவை, எல்லாம் மெல்ல மெல்ல ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. தலைப்பாக மேஸ்திரி சொன்னது, "மழையில போற சரக்கு". நாங்கள் இவ்வளவு நாளும் டிரையரின் விலையைத்தான் பேசிக்கொண்டிருந்தோம், எவ்வளவு சரக்கு நனைந்து போகிறது என்று யாரும் கணக்கே எடுத்ததில்லை.

அடுத்தது ஓட்டு. ஆளுக்குச் சில வண்ணப் பொட்டுகள் கொடுத்து, பிடித்த சீட்டில் ஒட்டச் சொன்னார்கள், அப்பாவும் நானும் கடைசியாகத்தான் ஒட்ட வேண்டும். இதை மட்டும் எல்லா முதலாளிகளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளாதவர்கள் இந்தப் பட்டறைக்குக் காசு கட்ட வேண்டாம். பொட்டு அதிகம் விழுந்தவற்றை மறுபடி மூன்றாகப் பிரித்தோம்: நாளைக்கே செய்யலாம், பணம் வேண்டும், அனுமதி வேண்டும். கழிவுநீரில் எரிவாயு எடுப்பது பணத்தில் போனது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டைப் போட்டுச் சின்னப் பாக்கெட்டில் விற்பது அனுமதியில் போனது. தார்ப்பாய் முதல் குவியல். களத்தின் ஓரத்திலேயே இரும்புக் குழாயில் சுருட்டி வைத்து இழுக்கிற மாதிரி எங்கள் வெல்டரே செய்துகொடுத்துவிட்டார், இப்போது ஓட்டம் இல்லை.

குறைகளும் உண்டு. முடிவு அறிக்கையை ஆங்கிலத்தில் அனுப்பினார்கள். யோசனை சொன்னவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாத அறிக்கையை வைத்து என்ன செய்வது, கேட்ட பிறகுதான் தமிழில் வந்தது, அதையும் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த வேலை யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதற்குக் கடைசியில் நேரமே ஒதுக்கவில்லை, அவசர அவசரமாக முடித்தார்கள், காலை அறிமுகத்தைப் பாதியாகக் குறைத்தாலே அதற்கு இடம் கிடைக்கும். மேலே பனி இறங்கினால் சுவரில் ஒட்டிய சீட்டு நிற்பதில்லை, மேசை பெரிதாக உள்ள அறையாகக் கேளுங்கள்.

இதை ஆத்தூரிலேயே நடத்தக் கூடாதா என்று கேட்கலாம். ஆலையில் நடத்தினால் அரை மணிக்கு ஒருமுறை யாராவது வந்து லாரி வந்திருக்கிறது என்று கூப்பிடுவார்கள், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள். வளைவில் தலை சுற்றுகிறவர்கள் இருந்தால் முதல் நாள் இரவே ஏறிவிடுவது நல்லது. மே மாதக் கோடை விழா சமயத்தில் அறை கிடைப்பது கஷ்டம், அதை விட்டுவிட்டு, கிழங்கு வரத்து குறைந்திருக்கும்போது பேசி வையுங்கள்.