அறுந்த இடத்தில் ஒரு பற்றவைப்பு: ‘டார்க் ப்யூரி’

செவ்வாய்ப்பேட்டையில் பதினெட்டு ஆண்டுகளாக வெள்ளிக் கொலுசு செய்கிறேன். அறுந்துபோன கொலுசு திரும்பி வந்தால், பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ‘தி க்ரானிக்கிள்ஸ் ஆஃப் ரிடிக்’ படத்தில் அப்படியோர் அறுந்த இடம் என்னை வெகுநாள் உறுத்தியது. 2000இல் வந்த ‘பிட்ச் பிளாக்’கில் பையன் வேடத்தில் திரிந்த சிறுமி ஜாக், 2004இல் வந்த இந்தப் படத்தில் கைரா என்ற பெயரோடு சிறையில் கொதித்துக்கொண்டிருக்கிறாள். நடிகையும் வேறு. அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளோடு ‘டார்க் ப்யூரி’ பார்த்தேன். அதே 2004இல் பீட்டர் சுங் இயக்கிய 35 நிமிட அனிமேஷன் படம். ‘பிட்ச் பிளாக்’கில் உயிர்தப்பிய மூவரையும், அதாவது குற்றவாளியான நாயகன் ரிடிக், சிறுமி ஜாக், மதகுரு இமாம் ஆகியோரை, ஒரு கூலிப்படை விண்கப்பல் பிடித்துக்கொள்கிறது. அதன் தலைவி சில்லிங்ஸ்வொர்த், கொடிய குற்றவாளிகளை உயிரோடு உறையவைத்துச் சிலைகளாகச் சேர்ப்பவள். “மாமா, அவர்களுக்கு நினைவு இருக்கிறதா?” என்றாள் அக்கா மகள். இருக்கிறது என்றதும் சற்று நேரம் அவள் பேசவில்லை.

ஓவியத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கம்பி இழுத்ததுபோல் நீண்ட கைகால்கள், கூரான விரல்கள். ஒரு கோடு கூட வீணாகவில்லை. வின் டீசல், கீத் டேவிட், ரியானா க்ரிஃபித் மூவரும் முதல் படத்துப் பாத்திரங்களுக்கே குரல் கொடுத்திருப்பதால், உருவம் மாறியும் ஆள் மாறவில்லை. இருட்டில் விசித்திர உயிர்களோடு நடக்கும் சண்டையைக் கொஞ்சம் குறைத்து, இமாமுக்கு இன்னும் இரண்டு காட்சிகள் தந்திருக்கலாம்.

இறுதிக் கட்டத்தைச் சொல்லாமல் இதை விமர்சிக்க முடியாது. ரிடிக்கைக் காப்பாற்ற ஜாக் சில்லிங்ஸ்வொர்த்தைச் சுட்டுவிடுகிறாள். தன்னோடு இருந்தால் இந்தப் பிள்ளை என்ன ஆவாள் என்று ரிடிக்குக்கு அந்த நொடியில் விளங்குகிறது. அவளையும் இமாமையும் ஹீலியன் பிரைம் கிரகத்தில் விட்டுப் போக முடிவெடுக்கிறான். காப்பாற்றியவளுக்குக் கிடைத்தது பிரிவு. இரண்டாவது படத்தின் எடை முழுவதையும் தாங்குவது இந்தப் பற்றவைப்புதான். அந்தப் படத்தில் ரிடிக்கைத் துரத்தும் கூலிப்படைக்காரன் டூம்ஸும் இங்கேதான் அறிமுகமாகிறான். இதைத் துணைச்சரக்காக ஒதுக்காதீர்கள். இரண்டு படங்களுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள்.

மறுநாள் இரவு ‘க்ரானிக்கிள்ஸ்’ போட்டோம். கைராவின் பெயரைச் சொல்லுமுன்பே, “இவள் ஜாக்தானே மாமா?” என்றாள் அக்கா மகள்.