மழை படாத கீல்தான் முதலில் போனது: தேவனாம்பட்டினத்தில் 12 வருடம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அதற்கு அடுத்த ஆவணியில் நாங்கள் கடலூர் கடற்கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக்குக் குடிவந்தோம். மாடியில் நின்றால் சில்வர் பீச் தெரியும், காற்றுக்குக் குறைவே இல்லை. அந்த உப்புக்காற்று வீட்டில் இருக்கிற இரும்பு, எவர்சில்வர், அலுமினியம் எல்லாவற்றையும் என்ன செய்கிறது என்று 12 வருடமாகப் பார்த்துவருகிறேன். கடலோரம் வீடு கட்டப் போகிறவர்கள் கதவும் கீலும் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது.

முதலில் கேட். சாதாரண இரும்பு, ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே பெயிண்ட் இரண்டு கை. கடலிலிருந்து தள்ளி, பண்ருட்டியில் இருக்கும் என் அக்காவும் அதே பட்டறையில், அதே மாதம் ஒரு கேட் செய்து வாங்கிப் போனார். அவர் வீட்டில் முதல் பெயிண்டே ஏழு வருடம் நின்றது. எங்கள் கேட்டில் இரண்டாம் வருடமே வெல்டிங் வைத்த மூலைகளில் பெயிண்ட் கொப்பளித்துவிட்டது. நகத்தால் கீறினால் உள்ளே செம்பொடி.

அதுகூட எதிர்பார்த்ததுதான். எனக்குப் பிடிபடாமல் இருந்தது போர்ட்டிகோ கிரில் கதவின் கீல். அதன் மேல் ஒரு சொட்டு மழை விழாது. மழையில் முழுக்க நனைகிற கேட்டின் கீலைவிட அதுதான் முதலில் இறுகி, மூன்றாம் வருடம் உடைந்தே போனது. இரண்டும் ஒரே இரும்பு, ஒரே பெயிண்ட்.

காரணம் புரிய நாளானது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கிவந்து கீலில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடி ஐப்பசியில் நீர்விடுவது இதனால்தான். கடலோரத்தில் இரவு நேர ஈரப்பதம் சாதாரணமாகவே அந்த அளவைத் தாண்டும். ஆக, மழையே இல்லாத நாளிலும் கீலின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. கேட்டில் படிந்த உப்பை மழை கழுவிவிடுகிறது. போர்ட்டிகோ கீலைக் கழுவ யாரும் இல்லை.

அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை மழை படாத கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். 2015-ல் மாட்டிய இரும்புக் கீல் இன்னும் மடங்குகிறது. செலவு என்று பார்த்தால் கால் மணி நேரம்தான்.

மகள் பள்ளியில் துருப்பிடித்தல் படித்தபோது இதை நான்கு பாட்டிலில் செய்து பார்த்தோம். புது ஆணி, உப்புத்தாளால் தேய்த்தது. ஒன்றில் ஆணியோடு செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடினோம். இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய். கொதித்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறும், எண்ணெய் புதுக் காற்றை உள்ளே விடாது. மூன்றாவதில் குழாய்த் தண்ணீர். நான்காவது பாட்டிலுக்குக் கடல் தண்ணீரை மகளே மொண்டுவந்தாள். மறுநாள் காலை, “அம்மா, கடல் தண்ணி மட்டும் டீ மாதிரி ஆயிடுச்சு” என்று ஓடிவந்தாள். குழாய்த் தண்ணீர் ஆணியில் அப்போதுதான் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. முதல் இரண்டிலும் ஆணி பளபளவென்றே இருந்தது. துருவுக்குக் காற்றும் தண்ணீரும் சேர்ந்தே வேண்டும். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும், அதனால் வினையும் வேகமெடுக்கும்.

அடுத்தது எவர்சில்வர். இதில் நான் ஏமாந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். உடைந்த கீலோடு ஜன்னல் கீல்களையும் மாற்றினோம். ஜன்னலுக்கு எவர்சில்வர் கேட்டேன். கடையில் காந்தம் வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை, நம்பி வாங்கினேன். எட்டே மாதத்தில் டீக்கறை போலப் பழுப்புப் படிந்தது. எவர்சில்வர் துருவைத் தாங்குவது அதிலுள்ள குரோமியத்தால். அது மேலே மெல்லிய ஆக்சைடு படலம் போட்டு இரும்பைக் காக்கிறது. 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். விலை குறைந்த 200 வரிசை ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது! அதனால் காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ரக எண்ணைக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். 316 ரகத்தில் மாலிப்டினமும் 2 முதல் 3 சதவீதம் உண்டு, உப்பை எதிர்க்கும் சக்தி அதற்கு இன்னும் அதிகம். விலையும் அதிகம்தான். நான் மாடித் தொட்டி ஸ்டாண்டின் போல்டுகளுக்கு மட்டும் அதை வாங்கினேன்.

அலுமினிய ஜன்னல் எனக்குத் திருப்தி. அதுவும் காற்றோடு சேர்ந்து ஆக்சைடு ஆகிறது, ஆனால் துருவைப் போல உதிராமல் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. தப்பு நடந்தது ஸ்க்ரூவில். ஆசாரி இரும்பு ஸ்க்ரூ போட்டுவிட்டார். இரண்டு வெவ்வேறு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புநீர் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் வெள்ளைப்பொடி, ஓட்டை பெரிதாகி ஒரு சட்டமே ஆடியது. இப்போது 304 ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் வாஷரும் போட்டிருக்கிறோம். ஆட்டம் நின்றுவிட்டது.

துணிக்கொடிக்கு நைலான் கயிறு கட்டினோம். உப்பு அதை ஒன்றும் செய்யவில்லை, வெயில்தான் நார்நாராக்கிவிட்டது. வருடம் ஒன்று மாற்றுகிறோம். பூஜை அறைப் பித்தளை விளக்கில் பச்சைக் களிம்பு கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களைவிட இங்கே சீக்கிரம் ஏறுகிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்தால் போதும்.

தொட்டி ஸ்டாண்டின் 316 போல்டுகள் மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டன. போன வாரம் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். நட்டு கையோடு சுழன்று வந்தது.