சூரைக் கணக்கு: கேப்டனா, பார்வையாளரா, ஆலைத் தராசா?

குன்னூர் மார்க்கெட்டில் சூரை வாங்கினால் கடைக்காரர் தராசோடு கணக்கு முடிந்தது. நடுக்கடலில் டன் டன்னாக வளைத்து அள்ளும் பெரிய சுருக்குமடிக் கப்பலில் அப்படி நிறுக்க வழியில்லை. வளைத்த மீனைக் கப்பலுக்குள் ஏற்றும் அள்ளுவலை எத்தனை முறை ஏறியது, உறைகிடங்கு எவ்வளவு நிரம்பியது என்று பார்த்து, கேப்டன் பதிவேட்டில் குத்துமதிப்பாக எழுதுவார்.

மொத்த எடைக்கு அந்தக் குத்துமதிப்பு பரவாயில்லை. கரையில் இறக்கும்போது மீனைப் பதப்படுத்தும் ஆலையின் தராசு திருத்திவிடும். சிக்கல் இனத்தில்தான். மிதவைகளின் அடியில் கூடும் மீன்கூட்டத்தில் வரிச்சூரையோடு மஞ்சள்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை இரண்டின் குட்டிகளும் கலந்திருக்கும். அந்தக் குட்டிகளைப் பிரித்தறியப் பழகிய கண்ணே தடுமாறும். பதிவேட்டில் எல்லாம் வரிச்சூரையாகவே ஏறிவிடும். ஆலையிலும் குட்டி மீன்களைச் சேர்த்தே நிறுப்பது உண்டு.

சரி, கப்பலிலேயே போய்ப் பிடிப்பைக் கண்காணிக்கும் பார்வையாளர்? மேற்கு, மத்திய பசிபிக்கின் வெப்பமண்டலக் கடலில் 2010 முதல் சுருக்குமடிக் கப்பல் ஒவ்வொன்றிலும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் ஒவ்வொரு அள்ளுவலையிலிருந்தும் ஐந்து மீனைக் கையால் எடுத்து அளந்தார். கை பெரிய மீனைத்தான் தேடிப் போனது. கோத்தகிரியில் தேயிலைச் சாக்கின் மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, கொழுந்து இவ்வளவு, கரட்டு இலை இவ்வளவு என்று தீர்ப்புச் சொன்னால் விவசாயி சும்மா விடுவாரா? கொட்டிப் பாருங்கள் என்பார். கடலிலும் அதைத்தான் செய்து பார்த்தார்கள்: அள்ளியதில் ஒரு பங்கைத் தொட்டியில் கொட்டி, விழுந்த மீன் அத்தனையையும் அளப்பது. வேலை அதிகம், கப்பல்காரர்களுக்கு இடைஞ்சலும்கூட. ஆனாலும் இனக் கணக்குக்கு என் ஓட்டு இதற்கே.

நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில்களைக் கோத்து விடும் ஆயிரங்கால் தூண்டில் கப்பலில் மீன் ஒவ்வொன்றாக ஏறுவதால் எண்ணுவது எளிது. மறைப்பதும் எளிது, அங்கே மீன்பிடிப்பில் பார்வையாளர் பார்க்க வேண்டிய பங்குக்கு வைத்திருக்கும் இலக்கே பல கடல்களில் வெறும் 5 சதவீதம். 2006-ல் ஜப்பானியச் சந்தையை ஆராய்ந்தபோது, தெற்கு நீலத்துடுப்புச் சூரை பதிவான பிடிப்பைவிட அதிகமாக விற்பனைக்கு வந்திருப்பது தெரிந்தது. அப்புறம் ஜப்பான் ஓர் ஆண்டில் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீடு 6,065 டன்னிலிருந்து 3,000 டன்னாகக் குறைந்தது. இந்தக் கப்பல்களுக்கு நான் கேமராவைத்தான் சொல்வேன். அது எடை சொல்லாது. ஆனால் செவுளும் குடலும் நீக்கிய மீனைக் கரையில் நிறுத்து, முழு எடைக்குப் பெருக்கிக்கொள்ளலாம். ஏறிய மீன் எத்தனை என்பதற்குப் படம் சாட்சி.